தாய்லாந்துக் காதல் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் போடும் முறை

கீழக்கரை, பெரியபட்டினம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தாய்லாந்துத் தொடர் பார்க்கிற வீடுகளில் அடிக்கடி எழுகிற கேள்வி ஒன்றுதான்: "இவ அவனுக்கு என்ன முறை?" கதை புரிகிறது, உறவு பிடிபடுவதில்லை. காரணம் இடையில் நிற்கும் ஆங்கிலம். அவனை மூன்று எபிசோட் மரியாதையாகக் கூப்பிட்டவள் நான்காவதில் ஒருமைக்கு இறங்குவாள். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுக்கும் ஒரே சொல். பிறவி பிறவியாகத் தொடரும் ஜோடி, ஒட்டாத கல்யாணம், பிரிந்து சேர்வது என்று போகிற கதைகளில் பாதி விஷயம் அந்த இறக்கத்தில்தான் நடக்கிறது. தாய்லாந்து மொழியில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது, நடுவில் தொலைகிறது. அதை மீட்டெடுக்க தாய்லாந்து மொழி படிக்க வேண்டாம். ஆங்கில சப்டைட்டிலைக் கண் பார்க்கட்டும். காது மட்டும் இருபது சொல்லைப் பிடித்தால் போதும்.

முதலில் முறைத் தாள்

ஒரு வரிகூடத் தட்டச்சு செய்வதற்கு முன் முதல் இரண்டு எபிசோடை நோட்டும் பேனாவுமாக முழுசாகப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரிசை: யார் மூத்தவர், இவர் அவரை எப்படிக் கூப்பிடுகிறார், அவர் இவரை எப்படிக் கூப்பிடுகிறார், தமிழில் என்ன வைக்கப் போகிறோம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு "மாறிய இடம்" என்று தலைப்பிடுங்கள். எபிசோட் எண், நிமிடம் இரண்டையும் அதில் எழுத வேண்டும். நாயகன் நாயகி, மாமியார் மருமகள், நெருங்கிய சிநேகிதர்கள் ஆகிய மூன்று வரிசையும் சரியாக இருந்தால் மற்றதைப் போகிற போக்கில் சமாளிக்கலாம்.

பெயரில் ஒரு குழப்பம் வரும். தாய்லாந்தில் ஒவ்வொருவருக்கும் நீளமான பதிவுப் பெயர் ஒன்று, ஓரசை ஈரசையில் கூப்பிடு பெயர் ஒன்று. வீட்டில் ஒரு பெயர், ஆபீஸில் வேறு பெயர் என்று கேட்கும்போது பார்க்கிறவர்கள் இரண்டு ஆட்கள் என்று நினைத்துவிடுவார்கள். சப்டைட்டிலில் கூப்பிடு பெயரையே வையுங்கள். கோர்ட், போலீஸ், கல்யாணப் பத்திரிகை வரும் இடத்தில் மட்டும் பதிவுப் பெயர் போதும்.

காதில் விழ வேண்டியவை

"பீ" என்பது மூத்த உடன்பிறப்பு, "நோங்" இளையது. ஆனால் ஒரு வயது மூத்த காதலனையும் அவள் "பீ" என்றுதான் கூப்பிடுவாள். கல்லூரி சீனியர், பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர் எல்லாருமே "பீ". இதை "அண்ணா" என்று எழுதினால் காதல் காட்சி அங்கேயே செத்துப்போகும். கீழக்கரை வீட்டில் "காக்கா" (அங்கே அண்ணனுக்கு அதுதான் சொல்) என்று போட்டால் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். காதலுக்கு முன் பெயரோடு "நீங்க" போதும். இருவரும் மனசைத் திறந்து பேசிய எபிசோடிலிருந்து "மச்சான்". இந்தக் கடலோரத்தில் மதம், சாதி பார்க்காமல் எல்லார் வீட்டிலும் செல்லும் சொல் அது. "அத்தான்" பழைய படத்து வாசனை அடிக்கிறது. ஆண்-ஆண் காதல் தொடர் என்றால் "மச்சான்" உதவாது; நம்மூரில் அது கூட்டாளியைக் கூப்பிடும் சொல்லாகவும் இருப்பதால் காதல் தெரியாமல் போகும். அங்கே வெறும் பெயர், "நீங்க"வில் தொடங்கி "நீ"க்கு இறங்குங்கள்.

"குன்" மரியாதைச் சொல், "நீங்க". "தெர்" என்றால் "நீ"; சில நேரம் "அவள்". "ரவ்" என்பது "நாம்", தன்னை மட்டும் குறிக்கும்போது "நான்". "கூ", "முங்" இரண்டும் நெருங்கிய கூட்டாளிகளிடம் வாடா போடா. கோபத்தில் வந்தால் அசிங்கமான ஒருமை. வாக்கியக் கடைசியில் ஆண் சொல்லும் "கிராப்", பெண் சொல்லும் "கா" இரண்டும் மரியாதை ஒட்டு, தமிழில் "-ங்க". "நா" என்ற ஒட்டு பேச்சை இளக்கும்: "பார்த்துப் போ, என்ன?" என்பதில் வரும் "என்ன" மாதிரி.

உறவு முறியும் காட்சியில் கவனிக்க வேண்டியது இதுதான். அதுவரை "பீ" என்றவள் "குன்" என்று மாற்றினால் மரியாதை கூடவில்லை, கதவு சாத்தப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் "நீ திரும்பிப் போ" என்கிற மாதிரி ஒரு மொட்டை வரி இருக்கும். அவள் அவனை "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் என்றால் அதை எடுத்துவிட்டு "நீங்க உங்க வீட்டுக்குப் போங்க" என்று போடுங்கள். "உங்க வீட்டுக்கு" என்ற சொல் தாய்லாந்து வசனத்தில் இல்லை; ஆனால் "குன்" செய்த வேலையைத் தமிழில் அதுதான் செய்கிறது. ஒருமையில் பேசிக்கொண்டிருந்த ஜோடி என்றால் இவ்வளவுகூட வேண்டாம், "நீ" சட்டென்று "நீங்க" ஆனாலே பார்க்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எதிர்த்திசையில், "குன்"னிலிருந்து "முங்"குக்கு விழுந்தால் அறை விழப்போகிறது என்று அர்த்தம். "டா", "டி" தயங்காமல் போடலாம்.

வட்டார வழக்கில் ஒரு எச்சரிக்கை. ஈசான் (வடகிழக்குத் தாய்லாந்து) பக்கத்து ஆள் பேசினால் உச்சரிப்பு மாறும். வேலைக்காரி, காமெடி ஆள் என்றே அந்தப் பேச்சைப் பல தொடர்கள் ஒதுக்கி வைக்கின்றன. நாமும் அதற்கு நம்மூர்ப் பேச்சை வேலைக்காரிக்கு மட்டும் மாட்டிவிட வேண்டாம். எல்லாருக்கும் பொதுவான பேச்சுத் தமிழ். வெளியூர் ஆள் என்று கதைக்குத் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் "அவுக சொன்னாக", "இங்கிட்டு வாங்க" போதும்.

கோவிச்சுக்கிறதும் சமாதானமும்

"ங்கோன்" என்ற சொல் இந்தத் தொடர்களில் எபிசோடுக்கு நாலு தடவை விழும். அவன் வந்து கெஞ்சட்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. ஆங்கிலத்தில் கோபம், வருத்தம் என்று ஏதோ ஒன்று வரும். "எனக்குக் கோபம் இல்லை" என்று எழுதினால் அவள் நிஜமாகவே கோபமில்லாதவள் ஆகிவிடுவாள். "நான் ஒண்ணும் கோவிச்சுக்கல" என்றால் கோவித்துக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்கும் புரியும். அதன் ஜோடிச் சொல் "ங்கோ", போய்ச் சமாதானப்படுத்துவது. இரண்டும் ஒரே காட்சியில் பந்து போல் போய் வரும். அவளுக்குக் "கோவிச்சுக்கிறது", அவனுக்குச் "சமாதானம்" என்று தொடர் முழுக்க ஒரே சொல்லை வைத்தால்தான் அந்த விளையாட்டு பிடிபடும். "நோய் ச்சாய்" வேறு: வேண்டப்பட்டவர் நம்மைக் கண்டுகொள்ளவில்லை என்ற மனத்தாங்கல். அதைக் "கோவம்" ஆக்காதீர்கள்.

"ஃபேன்" என்று கேட்டால் காதலன், காதலி, கணவன், மனைவி எதுவாகவும் இருக்கலாம். முறைத் தாளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். "மியா நோய்" என்பதற்கு யோசிக்கவே வேண்டாம், "சின்ன வீடு". "லெக் கான்" பிரிந்துவிட்டோம். "யா" என்றால் சட்டப்படி விவாகரத்து. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் அடுத்த எபிசோடில் வக்கீல் வரும்போது கதை இடிக்கும்.

பிறவிச் சொந்தம்

"நுவா கூ" என்பது தனக்கென்று அமைந்த ஜோடி. "ப்ரோம் லிக்கித்" பிரம்மன் எழுதியது. "தலையெழுத்து" சரியாகப் பொருந்தும். "கூ வென் கூ காம்" என்றால் பழைய பகையும் வினையும் கட்டிப்போட்ட ஜோடி, சேர்ந்தாலும் சுகமில்லை, விட்டாலும் முடியாது. "விட்ட குறை தொட்ட குறை" என்று எழுதுங்கள். மூன்றுக்கும் "பூர்வ ஜென்ம பந்தம்" என்று ஒரே மூடி போட்டால், ஆசீர்வாதம் எது, தண்டனை எது என்று தெரியாமல் போய்விடும்.

2018இல் தாய்லாந்தின் 3ஆம் சேனலில் ஓடிய 'புப்பேசன்னிவாத்' மாதிரி அயோத்தியா (தாய்லாந்தின் பழைய தலைநகர்) காலத்துக்குப் போகும் தொடர் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. அங்கே விளி "ஓ ச்சாவ்" என்று பழைய சொல்லாக வரும். "நீர்", "உமக்கு" என்று அளவாகப் போடலாம். வசனம் முழுக்கச் சேதுபதி தர்பார் நாடகம் ஆக்கிவிட்டால் வாசிக்க மூச்சு வாங்கும். இந்தக் காலத்திலிருந்து போன பெண் பேசும் வரிகள் பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். அந்த வித்தியாசத்தில்தான் சிரிப்பு இருக்கிறது.

பாத்திரத்தின் மதத்தை மாற்றாதீர்கள். புத்த விகாரையில் கும்பிட்டு நிற்கிறவள் வாயில் "நசீபு" (முஸ்லிம் வீடுகளில் விதிக்குச் சொல்வது) வரக்கூடாது. தண்ணீரை மெல்லக் கிண்ணத்தில் ஊற்றி இறந்தவருக்குப் புண்ணியத்தைச் சேர்த்துவிடும் சடங்கு அடிக்கடி வரும். அக்னி தீர்த்தம் பக்கத்திலேயே இருப்பதால் கை தானாகவே "தர்ப்பணம்" என்று போகும். வேண்டாம், அது வேறு சடங்கு. "செஞ்ச புண்ணியம் அவங்களுக்குப் போய்ச் சேரட்டும்" போதும்.

கல்யாணம், நகை, மணி, வருஷம்

"சின் சோத்" என்றால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பணமும் நகையும். இதை "வரதட்சணை" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் தலைகீழாகி, பெண்ணின் அம்மா பேரம் பேசும் காட்சி அர்த்தமே இல்லாமல் போகும். நமக்குப் "பரிசம்" என்று கையில் ரெடியாகச் சொல் இருக்கிறது. "மஹர்" என்றும் போட வேண்டாம், அது பெண்ணுக்கே உரியது. இது பெற்றவர்கள் கைக்குப் போவது.

அங்கே தாலி கிடையாது. இருவர் தலையிலும் ஒரே நூலால் இணைத்த வளையங்களை வைத்து, கூப்பிய கைகளில் பெரியவர்கள் சங்கால் நீர் வார்ப்பார்கள். ஆகவே "தாலி கட்டினவன்" என்ற வசனம் வேண்டாம், "கல்யாணம் பண்ணினவன்". அதோடு, தாய்லாந்துச் சட்டத்தில் சடங்கு நடந்தால் மட்டும் கணவன் மனைவி ஆகிவிட முடியாது, மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்தால்தான். "இன்னும் பதிவு பண்ணலையே" என்று ஒரு வரி வந்தால் அதைச் சுருக்காதீர்கள், பின்னால் கதை அதில்தான் திரும்பும். ஒரே பாலினத்தவருக்கு இந்தப் பதிவு 23 ஜனவரி 2025 முதல்தான் சட்டப்படி உண்டு. அதற்கு முந்தைய தொடரில் அவர்கள் பதிவு பற்றிப் பேசினால் அது ஏக்கம், பிந்தையதில் திட்டம்.

நகை எடை "பாட்" கணக்கு. பணத்துக்கும் அதே சொல் என்பதால் "பத்து பாட் தங்கம்" என்பது பத்து ரூபாய் சங்கதி போல் தோன்றும். ஒரு பாட் நகைத் தங்கம் 15.16 கிராம், அதாவது பவுன் கணக்கில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து பாட் என்றால் ஏறக்குறைய 19 பவுன். பவுனாகவே எழுதிவிடுங்கள், திண்ணையில் உடனே பேச்சு சூடு பிடிக்கும். நிலத்துக்கு "ராய்": ஒரு ராய் 1600 சதுர மீட்டர், பத்து ராய் கிட்டத்தட்ட நாலு ஏக்கர்.

மணிக்கணக்கு ஏமாற்றும். இரவில் ஏழிலிருந்து "தும்" கணக்கு ஆரம்பம்: "சோங் தும்" என்பது இரண்டு அல்ல, எட்டு மணி, "சீ தும்" பத்து. நள்ளிரவுக்குப் பிறகு "தீ": "தீ சோங்" விடியற்காலை இரண்டு. அவசரமாகச் செய்த ஆங்கில சப்டைட்டிலில் இது சில நேரம் தப்பாக வரும். அதனால் சந்திப்பு நேரம் பேசும் காட்சியில் பின்னால் இருட்டா வெளிச்சமா என்று பாருங்கள்.

திரையில் தெரியும் வருஷம் புத்த ஆண்டு. 543 கழிக்க வேண்டும். பழைய கடிதத்தில் 2507 என்று இருந்தால் 1964, தனுஷ்கோடி போன வருஷம். ஜனவரி ஒன்றுக்குப் புத்தாண்டை அவர்கள் மாற்றியது 1941இல். அதற்கு முன் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியதால் 1940 வரையிலான ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளுக்கு 542தான் கழிக்க வேண்டும். முற்பிறவிக் கதைகளில் இறந்த நாளும் பிறந்த நாளும் பொருந்துவதே முடிச்சு என்பதால் இந்த ஒரு வருஷம் பெரிய விஷயம்.

நேரம் கட்டுவது

கணினிக்குச் 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருள் போதும். தொடரின் அதிகாரப்பூர்வ யூடியூப் பக்கத்தில் ஆங்கில சப்டைட்டில் இருந்தால் வீடியோவுக்குக் கீழே உள்ள டிரான்ஸ்கிரிப்ட்டைத் திறந்து, நேரத்தோடு நகல் எடுத்து, சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்து மென்பொருளில் திறங்கள். இதில் இரண்டு குறை வரும். நேரம் முழு நொடியாகக் கீழ்ப்பக்கம் வெட்டப்பட்டிருக்கும், ஆகவே வரி ஒரு நொடி வரை முன்கூட்டியே வந்துவிடும். மொத்தத்தையும் அரை நொடி தள்ளிவிட்டு, முக்கியமான காட்சிகளை மட்டும் கையால் திருத்துங்கள். முடிவு நேரமும் அதில் கிடையாது. ஆள் பேசி முடித்து அழுதுகொண்டிருக்கும்போதும் வரி திரையில் நிற்கும். எந்த வரியும் 6 நொடிக்கு மேல் நிற்காதபடி மொத்தமாக வெட்டுங்கள். ஒரு நொடிக்குக் குறைவாகவும் எதுவும் இருக்கக் கூடாது.

பல நிறுவனங்கள் ஒரு எபிசோடை நாலு துண்டாக ஏற்றுகின்றன. துண்டுக்கு ஒரு கோப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாக்கினால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் வரும் எச்சரிக்கை அட்டை நேரத்தைக் கெடுக்கும்.

நேரம் தப்பினால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது எந்த வகைத் தப்பு என்பதை. ஆரம்பத்திலும் கடைசியிலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் மொத்தமாக நகர்த்தினால் சரியாகிவிடும். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போகத் தள்ளினால் பிரேம் வேகம் பொருந்தவில்லை: நொடிக்கு 25 பிரேமுக்குச் செய்ததை 23.976இல் ஓட்டினால் 48 நிமிட முடிவில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிசகும். அதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வரி நீளத்தில் தமிழுக்குத் தனிக் கணக்கு. மென்பொருள் எழுத்தை எண்ணுவதில்லை, குறியீட்டை எண்ணுகிறது. "நிற்கிறேன்" நமக்கு ஐந்து எழுத்து, அதற்குப் பத்து. வரிக்கு 42 என்ற வழக்கமான வரம்பை அப்படியே விட்டால் 26 எழுத்துக்கு மேல் போக முடியாது. 50 என்று மாற்றுங்கள், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வாசிப்பு வேகத்தை நொடிக்கு 17 குறியீடு என்று வையுங்கள், பத்துப் பதினோரு எழுத்துக்குச் சமம். இது மெதுவாகத் தோன்றும். ஆனால் பார்க்கிறவர் கையில் கொட்டான் முடைகிற ஓலையோ ஆய்கிற மீனோ இருக்கும். கண் கீழே போய்விட்டுத் திரும்பி வரும்வரை வரி காத்திருக்க வேண்டும். கூட இருக்கும் பெரியவருக்குப் பேத்தி வாய்விட்டு வாசித்துச் சொல்வதும் உண்டு, ஆகவே நாக்கில் இடறும் வாக்கியத்தை எழுதாதீர்கள்.

வரியை உடைக்கும்போது வினையைப் பிளக்காதீர்கள். "உன்ன நினைச்சுக்கிட்டே" மேலே, "இருந்தேன்" மட்டும் கீழே தொங்கினால் கண் தடுக்கும். இருவர் மாறிப் பேசினால் ஆளுக்கு ஒரு வரி, முன்னால் சிறு கோடு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளில் வீட்டில் இருக்கும் ஆண்கள் ஏழாவது எபிசோடில் வந்து உட்கார்ந்து முதலிலிருந்து கதை கேட்பார்கள். டைட்டில் பாட்டு ஓடும்போது எட்டு நொடிக்கு நாலு பெயரும் முறையும் போட்டுவிட்டால் (எட்டு நொடியை இரண்டு வரியாகப் பிரித்து) அந்தத் தொல்லை குறையும்.

எழுத்து உடையும் இடம்

கோப்பை யூ.டி.எஃப்-8 முறையில்தான் சேமிக்க வேண்டும். ஊரில் டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கி வந்தால் திரையில் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டாதீர்கள். கணினியில் வி.எல்.சி. என்றால் சப்டைட்டில் எழுத்துருவாக நிர்மலா யூ.ஐ. அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் தேர்ந்தெடுங்கள். வீடியோவும் சப்டைட்டில் கோப்பும் ஒரே பெயரில் ஒரே ஃபோல்டரில் இருந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். இது உங்கள் கையில் முறையாக வந்த கோப்புக்கு. யூடியூபில் நேரடியாகப் பார்க்கிறவர்களுக்கு உலாவியில் சொந்த சப்டைட்டிலை மேலே காட்டும் நீட்சிகள் உண்டு. வீடியோவோடு சேர்த்து உங்கள் சேனலில் ஏற்றிவிடாதீர்கள். காப்புரிமைப் புகார் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும்.

எழுநூறு வரி முடித்துவிட்டு டிவியில் போட்டுப் பார்க்காதீர்கள். முதல் நாளே "ஸ்ரீ கௌரி கொடுத்தாள்" என்று ஒரே ஒரு வரியை வைத்துப் பென்டிரைவில் சோதியுங்கள். கொம்பு தனியாக ஒதுங்கி நின்றாலோ, புள்ளி வட்டம் தெரிந்தாலோ, அந்த டிவிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. எழுத்துரு மாற்றிப் பயனில்லை. கட்டம் கட்டமாக வந்தால் டிவியில் தமிழ் எழுத்துருவே இல்லை. கண்டபடி குறிகள் வந்தால் மட்டும் கோப்பை 'பாம்' (கோப்பின் தொடக்கத்தில் வைக்கும் அடையாளக் குறி) சேர்த்த யூ.டி.எஃப்-8 ஆகச் சேமித்து மறுபடி போடுங்கள், பழைய டிவிகளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். முதல் இரண்டு கோளாறுக்கும் ஒரே வழி, படத்தைக் கணினியிலோ போனிலோ ஓட்டி எச்.டி.எம்.ஐ. வயரில் டிவிக்குக் கொடுப்பது.